எந்தக் காயத்திலிருந்து கதை தொடங்குகிறது?

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே, தமிழ்நாடும் கேரளமும் முட்டிக்கொள்ளும் வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று மட்டும்தான் மக்கள் உள்ளே போக முடியும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் உண்டு. பளியங்குடியிலிருந்து கால்நடையாக மலையேறுகிறவர்களும் உண்டு. மதுரையை எரித்தபின் வையைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் மலைமேல் வேங்கை மரத்தடியில் நின்றாள் கண்ணகி என்கிறது சிலப்பதிகாரம். வையை பிறப்பதே இந்தத் தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில்தான். இடிந்து கிடந்த இந்தக் கற்கோயிலே சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்று 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார்.

பழிவாங்கும் நாயகர்களின் படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்த மலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணவன் கோவலன் திருட்டுப் பழியில் கொல்லப்பட்டபோது கண்ணகி எடுத்த எடுப்பில் தீ வைக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போனாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சான்று வைத்தாள். தவறு தன்னுடையது என்று உணர்ந்த அரசன் சிம்மாசனத்திலேயே உயிர் விட்டான். அதோடு நின்றிருந்தால் அது ஒரு வழக்கின் கதை. தீ அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தத் தீக்கு நடுவிலும் காப்பியத்தை எழுதிய இளங்கோ ஒரு காரியம் செய்கிறார். மதுராபதி தெய்வம் கண்ணகியின் முன் வந்து ஒரு பழங்கதை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் அரசப்பணி பார்த்தவன். சங்கமன் என்ற வணிகனைப் பகைநாட்டு ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் கதறித் திரிந்து, மலையேறிக் குதித்து, சாபமிட்டு மாண்டாள். அதே பதினான்கு நாள், கடைசியில் ஒரு மலை. இரண்டு காண்டங்களாகக் கண்ணகியோடு மட்டுமே அழுதுகொண்டு வந்த வாசகர், தான் நினைத்த இடத்தில் கதை தொடங்கவில்லை என்பதை அங்கே தெரிந்துகொள்கிறார்.

குற்றப் படங்களைப் பற்றிப் பேசும்போது ரத்தம் எவ்வளவு, அரிவாள் எத்தனை என்றே வழக்கமாகக் கேட்கிறோம். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. கதை யாருடைய காயத்தில் தொடங்குகிறது என்பதுதான் சொல்லும். தேனி மண்ணின் இயக்குநர்கள் எடுத்த படங்களையும், தேனிப் பக்கம் நடப்பதாக எடுத்த படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கையில் எனக்கு இது உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

திரைப்பட ஆய்வாளர் மரே ஸ்மித் 1995இல் வெளியிட்ட நூலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பாத்திரத்தின் கூடவே போவது ஒன்று. அந்தப் பாத்திரத்தின் பக்கம் சாய்வது வேறொன்று. கேமரா யாருடைய தோளை ஒட்டி நடக்கிறதோ அவரோடு நாம் போகிறோம். அவர் செய்வது தகும் என்று மனம் ஒப்பும்போதுதான் சாய்கிறோம். நம் படங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைப்பது அரிது. கூடப் போனாலே சாய்ந்துவிடுகிறோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு வரலாறும் கிடக்கிறது. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தப் பகுதியில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். கைரேகை பதிய வேண்டும், இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சட்டம் 1947இல்தான் இந்த மாகாணத்தில் நீங்கியது. பிறப்பையே குற்றமாக எழுதிவைத்த சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒரு தலைமுறை, அதைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன், பிறவிக் குற்றவாளி என்ற அந்தப் பழிச்சொல் உழவர்களின் அன்றாடப் பேச்சிலும் தன்னைப் பற்றிய எண்ணத்திலும் எப்படி ஊறிக் கிடக்கிறது என்பதை 2009இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வரலாற்றைப் படமாக்க 2016இல் இயக்குநர்கள் பாரதிராஜாவும் பாலாவும் தனித்தனியே முனைந்து, பொதுவெளியில் மோதிக்கொண்டதும் நினைவிருக்கலாம். இருவருமே இந்த மாவட்டத்துக்காரர்கள். சட்டமே குற்றவாளியாக நிற்கும் ஊரில், பழிவாங்குபவன் நாயகனாவதற்குத் திரைக்கதை அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

ஆனால் அந்த நினைவு ஒற்றைப் பக்கம் உடையதல்ல. பழைய மதுரைச் சீமையில் காவல் என்று ஒரு முறை இருந்தது. ஊரைக் காப்பதற்குக் கூலி. திருடுபோன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுத்தால் துப்புக்கூலி. அரசின் கை எட்டாத இடத்தில் அதுதான் நீதி. காலப்போக்கில் அந்த நீதியே சுமையானது. காவல்காரரை வைத்துக்கொள்ளாதவன் வீட்டு மாடு காணாமல் போகும். 1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் தொடங்கிய எதிர்ப்பில் ஊர்க்காரர்கள் காசு போட்டுப் பண்டு சேர்த்தார்கள்; மாடு பறிபோனால் துப்புக்கூலி தராமல், அந்தப் பண்டிலிருந்து இழப்பை ஈடுகட்டுவது ஏற்பாடு. அந்த எழுச்சி பிறகு வீடு எரிப்பு வரை போனது வேறு கதை. சட்டம் கைவிட்டபோது தனிமனித நீதிக்குக் கைதட்டியதும் இந்த மண்தான். அந்தத் தனிமனித நீதி வரியாக மாறியபோது கூடி நின்று எதிர்த்ததும் இதே மண்தான். நம் சினிமா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

1985 பொங்கலுக்கு வந்த ‘ஒரு கைதியின் டைரி’யைப் பாருங்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜா இயக்கிய படம், கதை பாக்யராஜுடையது. தலைவனைத் தெய்வமாக நம்பிய தொண்டன் டேவிட். அந்தத் தலைவனே அவன் மனைவியைச் சீரழிக்கிறான். அவள் செத்துப்போக, கொலைப்பழி கணவன் தலையில் விழுகிறது. இருபத்திரண்டு ஆண்டு சிறை. வெளியே வந்தவன் தேடிப் போவது மூன்று பேரை: அரசியல்வாதி, போலீஸ் அதிகாரி, டாக்டர். மூன்று பேரும் மூன்று கையெழுத்துகள். அதிகாரம், வழக்கு, சான்றிதழ் என்று கண்ணுக்குத் தெரியாமல் இயங்கும் ஒரு பொறியமைப்புக்குப் படம் மூன்று முகங்களைக் கொடுத்துவிடுகிறது. முகம் கிடைத்துவிட்டால் வெறுப்பது எளிது. ஆனால் இதில் நான் மதிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கொலைகாரத் தந்தையைத் துரத்தும் இன்ஸ்பெக்டர், வேறொருவர் வளர்த்த அவருடைய மகனே. இரண்டு வேடமும் கமல்ஹாசன். சட்டத்துக்கும் பழிக்கும் ஒரே முகம் என்பதால் பார்வையாளரால் இருவரில் எவரையும் தள்ளிவைக்க முடிவதில்லை.

அதே ஆண்டு ரஜினிகாந்த் நடித்த ‘நான் சிகப்பு மனிதன்’ வந்தது. இந்திப் படமான ‘ஆஜ் கி ஆவாஸ்’ வழியாக அதன் வேர் 1974இன் ஹாலிவுட் படம் ‘டெத் விஷ்’ வரை போகிறது. அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பிரையன் கார்ஃபீல்ட், சட்டத்தைக் கையில் எடுக்கும் தன் நாயகனைப் படம் கொண்டாடிவிட்டதே என்று வருந்தி, அதை மறுக்கும் விதமாக ‘டெத் சென்டென்ஸ்’ என்ற அடுத்த நாவலை 1975இல் எழுதினார். நியூயார்க் சுரங்க ரயிலில் 1984 டிசம்பரில் பெர்னார்ட் கோட்ஸ் என்பவர் நான்கு இளைஞர்களைச் சுட்டபோது, பத்திரிகைகள் அவருக்கு அந்தப் படத்தின் பெயரையே சூட்டின. 1987இல் ஜூரி அவரைக் கொலைமுயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அனுமதியில்லாத துப்பாக்கிக்கு மட்டுமே தண்டனை. நாவலாசிரியரின் வருத்தத்தை அந்த ஊரும் கேட்கவில்லை.

கதையின் தொடக்கத்தை மாற்றினால் நம் மனம் எப்படி மாறும் என்பதை வெளிப்படையாகச் சோதித்த தமிழ்ப் படம் ‘விருமாண்டி’. 2004 பொங்கலுக்கு வந்தது. தேனிப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் கதை. சென்னை மத்திய சிறைக்குள் ஏஞ்சலா காத்தமுத்து என்ற ஆய்வாளர் கேமராவோடு போகிறார். ஆயுள் கைதி கொத்தாளத்தேவர் முதலில் பேசுகிறார். அவர் வாய்மொழியில் விருமாண்டி ஊரைக் கெடுத்த முரடன், பெண்ணைத் தூக்கிப் போனவன். கொத்தாளத்தேவராக நடிக்கும் பசுபதியின் குரலில் நிதானம் இருக்கிறது, பெரிய மனிதத் தோரணை இருக்கிறது. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பிறகு மரண தண்டனைக் கைதி விருமாண்டி அதே கதையைச் சொல்கிறான். ஏற்கெனவே பார்த்த காட்சிகள் திரும்ப வருகின்றன. அதே வாசல், அதே ஆட்கள், சில இடங்களில் அதே பேச்சு. ஆனால் யார் முன்னால் நின்றார், யார் கை முதலில் ஓங்கியது என்பது மாறியிருக்கிறது. அந்தப் பெண் அன்னலட்சுமியின் சாவுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பது அப்போதுதான் தெரிகிறது.

இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒன்று. விருமாண்டியின் உண்மையான குற்றம், அவனே தன்னை மன்னிக்க முடியாத குற்றம், பொய்ச்சாட்சி. கொத்தாளத்தேவர் மேல் வைத்த விசுவாசத்தால் உண்மையை மறைக்கிறான். முதல் கதையை நம்பி, மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்ட பார்வையாளரும் அந்த நேரத்தில் ஒரு பொய்ச்சாட்சிதான். திரையில் இருப்பவனும் திரைக்கு முன்னால் இருப்பவனும் ஒரே தவறைச் செய்தவர்களாக உட்கார்ந்திருக்கிறோம். மரண தண்டனைக்கு எதிராக இதைவிட வலுவான வாதத்தைத் தமிழ் சினிமா வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. உயிரைப் பறித்துவிட்டால் இரண்டாவது கதையைக் கேட்க ஆளிருக்காது.

படத்தின் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு கதைகளும் சம எடையில் வைக்கப்படவில்லை. காதல், பாட்டு, மாடுபிடியின் தூசி எல்லாம் சேர்ந்து இரண்டாவது கதைக்குத்தான் சதை கொடுக்கின்றன. அதைச் சொல்பவர் கமல். உச்ச நட்சத்திரத்தின் முகம் போஸ்டரில் இருக்கும்போதே பார்வையாளர் பாதித் தீர்ப்பை எழுதிக்கொண்டுதான் டிக்கெட் வாங்குகிறார். வரிசையை மாற்றி, விருமாண்டியை முதலிலும் கொத்தாளத்தேவரைக் கடைசியிலும் பேசவிட்டிருந்தால் படம் இன்னும் அச்சமூட்டுவதாக இருந்திருக்கும்.

இதே படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘சண்டியர்’. 2003இல் புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி அந்தப் பெயர் சாதி வன்முறையைத் தூண்டும் என்று எதிர்த்தார். தேனிப் பக்கம் நடக்க இருந்த படப்பிடிப்பு கைவிடப்பட்டு, சென்னையில் கிராமம் போலச் செட் போட்டு எடுத்தார்கள். ஒரு படைப்பாளிக்கு அது கசப்பான அனுபவம், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த எதிர்ப்பைக் கலைக்குப் போட்ட முட்டுக்கட்டை என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1989இல் போடிநாயக்கனூர்ப் பகுதியில் முக்குலத்தோருக்கும் தலித்துகளுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் நினைவு அப்போது பதினைந்து வயதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அரிவாளோடு நிற்கும் நாயகனுக்கு விழும் கைதட்டல் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரிக் கேட்காது. யாருடைய கோபம் வீரமாகக் காட்டப்படுகிறது, யாருடைய கோபம் கலகமாகக் காட்டப்படுகிறது என்று கேட்க அந்தத் தெருக்காரர்களுக்கு உரிமை இருந்தது. பூமணியின் ‘வெக்கை’யைத் தழுவி 2019இல் ‘அசுரன்’ வரும்வரை, அண்ணனைப் பறிகொடுத்த ஒரு தலித் சிறுவனின் காயத்திலிருந்து கதையைத் தொடங்கிய பெரிய படம் நமக்கு இல்லை. நாவல் வந்தது 1982இல்.

‘மைனா’வுக்கு வருகிறேன். 2010 தீபாவளிக்கு வந்த பிரபு சாலமன் படம். போடிக்கு மேலே குரங்கணி மலையில் எடுத்தது. சிறையிலிருந்து தப்பிய சுருளியைப் பிடித்துவர உதவி ஜெயிலர் பாஸ்கரும் ஏட்டு ராமையாவும் மலைக்குப் போகிறார்கள். பாஸ்கருக்கு அது தலைத் தீபாவளி. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மறுமுனையில் மனைவி சுதா. மாமனார் வீட்டில் எல்லோரும் காத்திருக்க மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. திரும்பும் வழியில் பஸ் பள்ளத்தை நோக்கிச் சரிந்து தொங்குகிறது. ஓடிவிடக்கூடிய கைதி ஓடாமல் நின்று காவலர்களைக் காப்பாற்றுகிறான். பாஸ்கரின் மனம் அங்கே திரும்புகிறது. நம் மனமும் அவரோடு திரும்புகிறது. கடைசியில் சுதாவும் அவள் அண்ணன்மாரும் சேர்ந்து சுருளியின் காதலி மைனாவைச் சாகடிக்கிறார்கள், சுருளியும் மிஞ்சவில்லை. பாஸ்கர் மனைவியையும் மைத்துனர்களையும் கொன்றுவிட்டுச் சரணடைகிறார்.

கொட்டகை கைதட்டியது. ஒரு கணவன் மனைவியைக் கொல்லும் காட்சிக்கு.

இது எப்படிச் சாத்தியமானது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். டால்ஃப் சில்மன், ஜென்னிங்ஸ் பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கெட்டவனுக்குக் கிடைக்கும் தண்டனை கடுமையாக இருக்க இருக்கப் பிடித்தது. ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்குக் குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருந்தால்தான் பிடித்தது. ஆக, வளர்ந்த பார்வையாளர் உள்ளுக்குள் ஒரு தராசோடுதான் படம் பார்க்கிறார். கொலையை ரசிக்க வைக்க வேண்டுமென்றால் எதிர்த்தட்டில் கனத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ‘மைனா’ அந்தக் கனத்தை முதல் போன் அழைப்பிலிருந்தே ஏற்றத் தொடங்குகிறது. கட்டிக்கொடுத்த முதல் வருஷம் கணவனோடு பிறந்த வீட்டுக்குப் போக ஆசைப்படுவது எந்தப் பெண்ணுக்கும் இயல்பு. சொந்தக்காரர் நிறைந்த கூடத்தில், மாப்பிள்ளை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்க, பதில் சொல்ல முடியாமல் நிற்பதும் ஒரு காயம்தான். அந்தக் கூடத்தில் கேமரா அவள் பக்கம் நிற்கவேயில்லை. நாம் மலையில், பசியிலும் மழையிலும் பாஸ்கரோடு நடந்துகொண்டிருந்தோம். அவள் கொலைகாரியாவதற்கு வெகு முன்பே, குரலாக மட்டும் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, நாம் அவளை வெறுக்கப் பழகிவிட்டோம். கடைசியில் அவள் செய்வது கொடூரம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு பகுதி அவளது கொடூரத்துக்கான பதிலல்ல, அவள் நச்சரிப்புக்கான பதில். மனைவியின் நச்சரிப்பு கொலையில் போய் முடிந்த செய்திகளை மாவட்டப் பக்கங்களில் வாரந்தோறும் படிக்கிற நாட்டில், இதை லேசாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. படத்தின் மற்ற அழகுகள், தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த அந்த ஏட்டு உட்பட, எனக்கும் பிடித்தவைதான்.

பாஸ்கர் ஏன் சரணடைகிறார்? நம் படங்களில் பழிதீர்த்தவர்கள் பலரும் கடைசியில் கையை நீட்டுகிறார்கள். ‘தேவர் மக’னில் நாயகன் சக்தி போனதும் அப்படித்தான். 1952ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் 1991 டிசம்பர் 6 அன்று வெளியான தணிக்கை நெறிமுறைகள், வன்முறை போன்ற சமூக விரோதச் செயல்களைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்கின்றன. சரணடையும் காட்சி அந்த விதிக்குச் செலுத்தும் காணிக்கையாகிவிட்டது. விலங்கு மாட்டும்போது கூட்டம் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கியிருக்கும். கொலைக்கு முன் இரண்டு மணி நேரம் கொடுத்த படம், கொலைக்குப் பின் இரண்டு நிமிடம்தான் கொடுக்கிறது.

சட்டமும் காயத்தைக் கேட்காமல் இல்லை. திடீரென எழுந்த கடும் ஆத்திரத்தில் நடந்த கொலையைச் சட்டம் கொலைக்குக் குறைந்த குற்றமாகக் கருதும். ஆனால் அது கடிகாரத்தையும் பார்க்கும். 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியுடன் உறவு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரியில் ஒன்பதில் எட்டுப் பேர் அவர் குற்றவாளியல்ல என்றார்கள். ஊரே அவர் பக்கம். உச்ச நீதிமன்றம் 1961இல் வேறு கணக்குப் போட்டது. மனைவி உண்மையைச் சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதற்குள் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு சினிமா கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறார். ஆத்திரம் அடங்க அந்த நேரம் போதும் என்றது நீதிமன்றம். நம் ஊரில் ஒரு படத்தின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சட்டம் ஆத்திரம் அடங்குவதற்கென்று கொடுக்கும் நேரத்தில், படம் அதை ஊதி ஊதி வளர்க்கிறது.

அந்தப் பழக்கம் கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொன்றதாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் காவலர்கள் மேல் பூத் தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேட்டுத் துடித்தவர்கள்தான் அவர்கள். அந்தத் துடிப்பில் பொய் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022இல் அறிக்கை தந்தது. அந்தச் சுட்டுக்கொலை நடந்த ஆறே மாதத்தில், 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சித்திரவதைக்கு ஆளாகிச் செத்தார்கள். ஊரடங்கின்போது அவர்கள் கடை திறந்திருந்த நேரம் பற்றிய தகராறில் தொடங்கியது அது. உடனடி நீதி வழங்கும் கை எந்தக் காயத்துக்கு ஓங்கும், எந்தக் காயத்தை உண்டாக்கும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

இந்த மலைச்சரிவிலிருந்தே வந்த ஒரு படம் இதை வேறு விதமாகக் கையாண்டது. லெனின் பாரதி இயக்கி 2018இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலத்தோட்டத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையே மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரே கனவு, கையகல நிலம். சேர்த்த காசையெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைப்பாதையில் உருண்டு, பள்ளத்தில் சிதறிப்போகிறது. அதைப் பார்க்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. பிறகு எஸ்டேட் முதலாளியோடு கைகோத்துத் தொழிலாளரைக் காட்டிக்கொடுக்கும் தலைவர் வருகிறார். கொலை நடக்கிறது. காயம் நியாயமானது, வேறு இயக்குநர் கையில் அது அரங்கம் அதிரும் காட்சியாகியிருக்கும். இங்கே இளையராஜாவின் இசைகூட அதைத் தூக்கிப் பிடிப்பதில்லை. கொலைக்குப் பிறகு படம் முடியாமல் தொடர்கிறது. ரங்கசாமி சிறைக்குப் போகிறான். வீட்டில் கடன் ஏறுகிறது. உரக்கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிக்கு நிலம் கைமாறுகிறது. வெளியே வந்தவன் மேல் காவலாளிச் சட்டை ஏறுகிறது. தான் உழுத மண்ணில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்கிறான். தலைக்கு மேல் காற்றாலையின் இறக்கை சுற்றுகிறது. கேமரா மெல்ல மேலே எழும்ப எழும்ப, அவன் சிறுத்துக்கொண்டே போகிறான். சுற்றிலும் காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன.